வீடு விற்று 2 வருஷம் ஆகிறது, வரி நோட்டீஸ் இன்னும் அப்பா பேரில் வருகிறது

தோப்புவீடு:
வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையை ஒட்டின ஒரு ஊரில் எங்கள் வீடு இருந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சலுக்குத் தோதாக இருக்கட்டும் என்று 2023 ஆவணியில் அதைக் கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டோம். வாங்கினவர் நல்ல மனுஷர். ஆதாரம் (கிரயப் பத்திரம்) பதிந்து, பணம் முழுக்கக் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினோம். இனி அந்த ஊரில் நமக்கு ஒரு பாக்கியும் இல்லை என்று இருந்தோம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். பஞ்சாயத்து டிமாண்ட் நோட்டீஸ். அப்பா பேர், பழைய வீட்டு நம்பர், 2023-24 இரண்டாம் அரையாண்டிலிருந்து நான்கு அரையாண்டுக் குடிசிகை (பாக்கி), அதற்கு வட்டி, லைப்ரரி செஸ். எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாயை ஒட்டி வருகிறது.

பணம் பெரிதில்லை. அப்பாவுக்கு 78 வயது. அந்த வீட்டைக் கட்டின நாளிலிருந்து ஒரு வருஷ வரி கூட நின்றதில்லை. ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைப்பார். கம்பி நிறைந்ததும் சணல் கயிற்றால் கட்டிப் பீரோ மேலே ஏற்றுவார். வீடு மாறும்போது சாமி படத்தைக் கூட வண்டிக்காரரிடம் கொடுத்தவர், அந்தக் கட்டுகளை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நோட்டீசில் தன் பேருக்கு நேராகக் குடிசிகை என்று பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "நான் யாருக்கும் பாக்கி வைத்தவன் இல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதை யார் கட்ட வேண்டும்? அப்பா பேரை அதிலிருந்து எப்படி எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பம்மெட்டு:
விட்டுவிடுங்கள் அண்ணா. வீடு உங்களுடையது இல்லை, ஆதாரத்தின் நகல் கையில் இருக்கிறது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவர் கட்டட்டும். அவர்கள் செக்போஸ்ட் தாண்டி வந்து கேட்கப்போவதில்லை. நோட்டீசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சித்தூர்ப்புழை:
தம்பி, அப்படிச் சும்மா இருந்துவிட வேண்டாம். நான் உள்ளாட்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி நோட்டீஸ் என் கையாலேயே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அதனால் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

கேரளத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று இடத்தில் கணக்கு. ஆதாரம் பதிவது சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். நிலத்துக்குக் கரம், அதாவது வரி, வாங்குவது வில்லேஜ் ஆபீஸ். அது வருவாய்த் துறை, 1961-ஆம் வருஷத்து நிலவரிச் சட்டம். கட்டடத்துக்கு வரி வாங்குவது பஞ்சாயத்து. அதற்கு 1994-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். ஆதாரம் பதிந்த பிறகு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு, அதாவது நிலக் கணக்கில் பேர் மாற்றம், நடக்கும். வாங்கியவர் பேருக்குத் தண்டப்பேர் நம்பர் (நிலவரிக் கணக்கு எண்) விழும். அவர் கரம் தீர்த்து ரசீது வாங்குவார். அந்த ரசீதைப் பார்த்ததும், எல்லாம் தன் பேருக்கு வந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது மண்ணுக்கான ரசீது. சுவருக்கும் கூரைக்கும் உரிய கணக்கு பஞ்சாயத்தில் இன்னும் உங்கள் அப்பா பேரிலேயே கிடக்கும். அங்கே தனியாக விண்ணப்பம் கொடுத்தால்தான் பேர் மாறும்.

உங்கள் வீட்டை வாங்கியவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் வருஷா வருஷம் வில்லேஜ் ஆபீசில் கரம் அடைத்துக்கொண்டிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

கம்பம்மெட்டுத் தம்பிக்கு ஒன்று. எல்லை தாண்டினால் அரசாங்கப் பாக்கி நின்றுவிடாது. ஒரு மாவட்டக் கலெக்டர் இன்னொரு மாவட்டக் கலெக்டருக்குச் சான்று அனுப்பி வசூலிக்க 1890-லேயே வருவாய் மீட்புச் சட்டம் இருக்கிறது. வேறு மாநிலமாக இருந்தாலும் அதே வழிதான். 2,000 ரூபாய்க்கு யாரும் அந்த வழியில் வர மாட்டார்கள், உண்மைதான். ஆனால் மாதா மாதம் வட்டி ஏறும், பேரும் அந்தப் பட்டியலில் நிற்கும். அந்தப் பெரியவர் சாப்பிடாமல் இருப்பதே பேருக்காகத்தானே.

கம்பம்மெட்டு:
ஐயா சொல்வது சரி. மண்ணுக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று இரண்டு இருப்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இரண்டு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தது வாங்கியவர். அவர் அனுபவித்ததற்கு விற்றவர் ஏன் கட்ட வேண்டும்?

சித்தூர்ப்புழை:
கட்ட வேண்டியது வாங்கியவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பஞ்சாயத்துக்குச் சொல்ல வேண்டியவர் விற்றவரும்தான். இது இன்று நேற்று வந்த முறை இல்லை. 1920-ஆம் வருஷத்து மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது: சொத்து கைமாறினால் கொடுத்தவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் தெரிவிக்கும் நாள் வரை கொடுத்தவர் பொறுப்பும் நிற்கும் என்று. காரணம் எளிது. ஆபீசில் இருப்பவனுக்கு யார் எப்போது வீட்டை விற்றார் என்று தெரியாது, புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் அவன் எழுத முடியும்.

வரி என்பது கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆள் போனாலும் அது போகாது. அதனால் பழைய பாக்கி தீராமல் பேர் மாற்றம் நடக்காது. அந்த வீட்டை அடுத்து வாங்குகிறவருக்கும், அதை வைத்துக் கடன் கேட்கப் போகிறவருக்கும் இதே தொல்லை வரும். ஆகவே இப்போது முடித்துக்கொள்வது வாங்கியவருக்கே நல்லது. அவரிடம் அப்படிச் சொல்லிக் கேளுங்கள், சண்டையாக ஆரம்பிக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
தோப்புவீடு தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் பேரில் குற்றம் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் இப்படி மூன்று வீடு தெரியும். எங்கள் வீட்டிலேயே மாமனார் காலமாகி ஆறு வருஷம் ரசீது அவர் பேரில்தான் வந்தது. வருஷா வருஷம் கட்டிக்கொண்டே இருந்தோம், ஆனால் பேர் மாற்றவில்லை. பெண்ணின் படிப்புக் கடனுக்கு உடமைச் சான்று கேட்டபோதுதான் தெரிந்தது, பஞ்சாயத்துக் கணக்கில் என் வீட்டுக்காரருக்கு வீடே கிடையாது என்று.

இரண்டு பக்கத்துக்கும் சொற்கள் வேறு வேறாக இருப்பதும் குழப்பத்துக்குக் காரணம். பொள்ளாச்சியில் கிரயப் பத்திரம் என்றால் இங்கே ஆதாரம். அங்கே தாய்ப்பத்திரம் என்பது இங்கே முன்னாதாரம். அங்கே வில்லங்கச் சான்று, இங்கே குடிக்கடம். பட்டா மாற்றம் என்று கேட்டால் வில்லேஜ் ஆபீசில் புரியாது, போக்குவரவு என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் போக்குவரவு என்றால் பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள். ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றால் ஆதார் அட்டையை நீட்டுகிறவர்களும் உண்டு. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அன்று மறுபடி வேலந்தாவளம் போய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

விண்ணப்பம் மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று பயப்படாதீர்கள். கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடம் கொடுத்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு ஆபீசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். நான் தமிழ் டீச்சர், தமிழில்தான் எழுதிக் கொடுப்பேன். யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தால்தான் அந்த உரிமை உயிரோடு இருக்கும். அவசரம் என்றால் மலையாளத்தில் ஒரு பிரதியும் கூட வையுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

வாளையார்வாடகை:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் வாடகை வீட்டுக்காரன். அடுத்த மாதம் வேறு வீட்டுக்குப் போகிறோம். இப்போது இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். வரி நோட்டீஸ் என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் ஏதாவது கட்ட வேண்டுமா?

சித்தூர்ப்புழை:
கட்டட வரி சொந்தக்காரருடையது. நீங்கள் அவருக்காகக் கட்டினாலும் ரசீது அவர் பேரில்தான் விழும். அதனால் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் கட்டாதீர்கள். வாடகையில் கழித்துக்கொள்கிறேன் என்று வாட்ஸ்அப்பிலாவது கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். நோட்டீசைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டு வீடு மாறிப் போகிறவர்கள் நிறைய, பிறகு வட்டியோடு பெரிய நோட்டீஸ் வரும்போது வருத்தம் வருகிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வாளையார்த் தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்மசேனைப் பணம். பச்சைக் கோட்டுப் போட்டு வரும் அக்காக்களுக்கு மாதம் 50 ரூபாய் கொடுக்கிறீர்கள் அல்லவா, பஞ்சாயத்துப் பகுதியில் அதுதான் தொகை. அது வீட்டில் குடியிருப்பவர் கொடுப்பது. பாக்கி வைத்தால் கட்டட வரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. போகும்போது அதையும் தீர்த்து, வீட்டு வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையின் பேரில் பாக்கி இல்லை என்று அந்த அக்காக்களிடமே காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் கணக்கில் நம் பேரில் பாக்கி நிற்கக் கூடாது.

வாளையார்வாடகை:
மூன்று மாதம் பாக்கி இருந்தது டீச்சர். இன்று காலையில் கொடுத்துவிட்டேன்.

மீனாட்சிபுரம்:
எனக்கும் ஒரு சந்தேகம். அம்மாவின் வீடு 600 சதுர அடி. வரி கிடையாது என்று 2023-லிருந்து கட்டவில்லை. இப்போது அம்மாவை என்னோடு கோவைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டை வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். வரி வருமா?

சித்தூர்ப்புழை:
நல்ல கேள்வி, பலருக்குத் தெரியாதது. 2023 ஏப்ரலிலிருந்து 60 சதுர மீட்டர் வரை உள்ள வீட்டுக்கு வரி விலக்கு. சதுர அடியில் 645-க்குக் கொஞ்சம் மேலே வரும், உங்கள் அம்மா வீடு அதற்குள்தான். ஆனால் அந்த விலக்கு சொந்தக்காரர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு, அதுவும் ஒருவருக்கு ஒரு வீட்டுக்கு. ஃபிளாட்டுக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டால் அந்தக் காரணம் போய்விடுகிறது. நீங்களே போய்ச் சொல்லி வரி போடச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்துப் போடுவதை விட இது எளிது.

வீட்டைப் பூட்டிப் போடுவதாக இருந்தாலும் வரி தானாக நிற்காது. பூட்டிக் கிடக்கும் காலத்துக்குச் சலுகை கேட்கிறவர்கள் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைத்திருக்க வேண்டும். முடிந்து போன வருஷத்துக்கு இப்போது போய் "அப்போது யாரும் இல்லை" என்றால் எந்த ஆபீசரும் என்ன செய்வார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே 2023-லிருந்து வருஷத்துக்கு 5 சதவீதம் வரி கூடுகிறது. போன வருஷ ரசீதைப் பார்த்து அதே தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்குச் சில்லறைப் பாக்கி விழுகிறது.

நகரிநெசவு:
நான் ஆந்திரப் பக்கம், நகரி. இங்கேயும் வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. வீட்டு வரியை இன்டி பன்னு என்பார்கள். எங்களுக்கும் அரையாண்டுக் கணக்குத்தான். ஏப்ரல் 30-க்குள் வருஷம் முழுவதற்கும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. தவறினால் மாதம் 2 சதவீதம் வட்டி. நகராட்சிகளில் 2021-லிருந்து வாடகை மதிப்பை விட்டு, சொத்தின் மதிப்பை வைத்து வரி போடுகிறார்கள்.

என் மாமா திருத்தணியில் இருந்த வீட்டை விற்று இங்கே வாங்கினார். 1960-க்கு முன்னால் திருத்தணியும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம்தான், அதனால் இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கமும் சொத்து. அவர் வாங்கும்போது அக்ரிமெண்டிலேயே ஒரு நிபந்தனை எழுதச் சொன்னார்: இன்ன தேதி வரை வீட்டு வரி, தண்ணீர், கரண்ட் எல்லாம் விற்பவர் பொறுப்பு, அதன் பிறகு வாங்குபவர் பொறுப்பு, பேர் மாற்றத்துக்கு இருவரும் கையெழுத்துப் போட வர வேண்டும் என்று. கடைசித் தவணையில் கொஞ்சம் பணத்தை அந்தப் பேர் மாற்றம் முடியும் வரை நிறுத்தியும் வைத்தார். விற்றவருக்கு அதில் வருத்தம்தான். ஆனால் வேலை சுருக்காக முடிந்தது.

கம்பம்மெட்டு:
பணத்தை நிறுத்தி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விற்கிறவர் அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். பதிவு அன்றைக்கே பேர் மாற்ற விண்ணப்பத்திலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் போதுமே. எப்படியும் இரண்டு பேரும் ஒரே இடத்தில், கையில் பேனாவோடு இருக்கிற நாள் அது ஒன்றுதான்.

சித்தூர்ப்புழை:
இது நல்ல யோசனை. என் 31 வருஷ வேலையில் இப்படிச் செய்து கொண்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் யாருக்கும் பிறகு நோட்டீஸ் போனதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
தோப்புவீடு தம்பி, ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வாங்கிய வீடு இருக்கிறதே, அதன் வரி ரசீதில் யார் பேர் இருக்கிறது?

தோப்புவீடு:
டீச்சர், நீங்கள் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

எங்களுக்கு விற்ற அம்மாவின் பேர். நகராட்சி வரிவிதிப்பு எண்ணைப் போட்டு ஆன்லைனில் நானே கட்டி வருகிறேன். அரையாண்டு தொடங்கி 30 நாளைக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தவறாமல் கட்டிவிடுவேன். ரசீதைச் சேமித்தும் வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் பேரை ஒரு நாளும் படித்ததில்லை. தண்ணீர் இணைப்புக்குத் தனி எண், அதிலும் அந்த அம்மா பேர்தான். அதில் அவர்கள் காலத்துப் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா இப்போது மகள் வீட்டில், திருப்பூரில் இருக்கிறார்கள். நான் ஒரு தவணை தவறியிருந்தால் நோட்டீஸ் அவர்கள் பேருக்குப் போயிருக்கும். மாதம் 1 சதவீத வட்டியோடு. அப்பாவுக்கு அந்த மனுஷர் செய்ததை நான் இந்த அம்மாவுக்குச் செய்திருக்கிறேன். இரண்டு நாளாக இதுதான் மனசில் ஓடுகிறது.

சித்தூர்ப்புழை:
வருத்தப்பட வேண்டாம், வரியைக் கட்டியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். இப்போது இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

கேரளத்து வேலைக்கு நீங்கள் கொண்டு போக வேண்டியது ஆதாரத்தின் நகல், அப்பாவின் அடையாள அட்டை, அப்புறம் அப்பா கடைசியாகக் கட்டிய ரசீது. ஆவணியில் விற்றிருந்தால் அது 2023-24 முதல் அரையாண்டு ரசீதாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ள அரையாண்டு அது. அந்த ஒரு காகிதம்தான் அப்பா காலத்துப் பாக்கி எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சி. வாங்கியவர் ஆதாரத்தையும் வில்லேஜ் ஆபீசில் கரம் தீர்த்த ரசீதையும் கொண்டு வரட்டும்.

வீட்டு நம்பரைக் கவனியுங்கள். வார்டு பிரிக்கும்போதெல்லாம் நம்பர் மாறும். 2025-லும் வார்டுகளை மறுபடி பிரித்திருக்கிறார்கள். பழைய ரசீதில் ஒரு நம்பர், ஆதாரத்தில் ஒரு நம்பர், நோட்டீசில் ஒரு நம்பர் என்று இருந்தால் மூன்றும் ஒரே வீடுதான் என்று அங்கேயே காட்டி எழுதி வாங்குங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பஞ்சாயத்துகளும் சஞ்சயா என்ற பழைய கம்ப்யூட்டர் முறையிலிருந்து கே-ஸ்மார்ட் என்ற புதிய முறைக்கு வந்துவிட்டன. ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நம்பர் ஒத்துப்போகாத வீட்டுக்கு நேரில் போவதே மேல்.

வீடு பெரியதா? 100 சதுர மீட்டருக்கு மேலே இருந்தால் ஒரே தவணையில் கட்டும் கட்டட வரி ஒன்று தாலுகா ஆபீசில் உண்டு, 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி. அதன் ரசீது அப்பாவின் ரசீதுக் கட்டுக்குள் இருந்தால் வாங்கியவருக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கப் போகும்போதோ மறுபடி விற்கும்போதோ அவருக்கு உதவும்.

தோப்புவீடு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம், அதை எழுதுகிறேன்.

வாங்கியவருக்கு ஃபோன் செய்து ஐயா சொன்னபடியே பேசினேன். அவர் முதலில் சொன்னது, "நான் வருஷா வருஷம் கரம் அடைக்கிறேனே" என்பதுதான். இரண்டு வருஷ ரசீதையும் உடனே அனுப்பினார். இரண்டும் வில்லேஜ் ஆபீஸ் ரசீது. இது மண்ணுக்கு, வீட்டுக்கு வேறு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்பாவுக்கா நோட்டீஸ் வந்தது?" என்று கேட்டார். கட்ட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா தானும் வருவேன் என்றார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கோபாலபுரம் வழியாகப் பஸ்ஸில் போனோம். ரசீதுக் கட்டுகளை எடுத்துத் தேடியதில் 2023 ஜூன் மாதத்து ரசீது கிடைத்தது, முதல் அரையாண்டு. கம்பி குத்தின ஓட்டை சரியாக அவர் பேரின் நடுவில் விழுந்திருந்தது, ஆனால் எண்ணும் தேதியும் தெளிவாக இருந்தன.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் விண்ணப்பம் தமிழில் இருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வாங்கினார்கள். டீச்சர் சொன்னபடி மலையாளப் பிரதியும் வைத்திருந்தோம். வீட்டு நம்பர் ஐயா சொன்ன மாதிரியே மூன்று விதமாக இருந்தது. அதைச் சரிபார்க்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. குடிசிகை முழுவதையும் வாங்கியவரே கட்டினார். பாதி நான் தருகிறேன் என்று சொன்னேன், நாங்களும் தெரிவிக்காமல் விட்டோம் அல்லவா. அவர் வாங்கவில்லை. பேர் மாற்ற விண்ணப்பத்துக்கு ரசீது கொடுத்தார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து அப்பா கையில் கொடுத்தோம். பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பினோம். வாசல் தென்னையில் இரண்டு குலை வெட்டியிருக்கிறார்கள், நன்றாகத் தண்ணீர் விடுகிறார்கள் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டார்.

பொள்ளாச்சிப் பக்கத்து வேலையும் இன்று தொடங்கிவிட்டது. சொத்து வரி, தண்ணீர் இரண்டுக்கும் தனித்தனியாகப் பேர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். தண்ணீரில் பழைய பாக்கி ஒரு சிறு தொகை இருந்தது, நானே கட்டிவிட்டேன். திருப்பூருக்கு ஃபோன் செய்து அந்த அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் இன்னும் என் பேரிலா சாமி இருக்குது?" என்று கேட்டார்கள். கரண்ட் கணக்கும் அவர்கள் பேரில்தான் இருக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாளைக்கு அந்த ஆபீஸ்.

கம்பம்மெட்டு:
அண்ணா, நான் முதலில் விட்டுவிடச் சொன்னதற்கு மன்னிக்கவும். எங்கள் சித்தப்பா போடியில் வாங்கின வீட்டுக்கு இன்று ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்தூர்ப்புழை:
மன்னிப்பு எதற்கு, நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. தோப்புவீடு, ஒன்றே ஒன்று. விண்ணப்ப ரசீது வந்ததோடு இருந்துவிடாமல் அடுத்த அரையாண்டு ரசீதை வாங்கியவரிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் பேரும் இனிஷியலும் ஆதாரத்தில் இருக்கிறபடியே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மலையாளத்தில் தட்டும்போது நம் ஆட்களின் இனிஷியல் சில நேரம் இடம் மாறிவிடும். அப்போதே சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள்.